சும்மா அரை மணி நேரம்

அந்த வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. உடனே அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று கற்பனையை ஓட்டிவிட வேண்டாம். இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். அவருக்குத் தும்மல் வந்தால் இவள் ஜன்னலைச் சாத்துவாள், இவள் படிக்க உட்கார்ந்தால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார். பேச மாட்டார்கள், அவ்வளவுதான்.

காரணம் அப்பாவின் தொண்டை. அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நிலையத்து மாடியில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஓர் அறை. அதில் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், யாருடைய பை எங்கே கிடக்கிறது என்று ஒலிபெருக்கியில் நாள் முழுக்கச் சொல்வதுதான் வேலை. ஊரில் அந்தக் குரலைக் கேட்காதவர் கிடையாது. குரலுக்கு உரியவர் எதிரே நடந்து வந்தால் அடையாளம் கண்டுகொள்பவரும் கிடையாது. பெண்ணுக்கு எட்டு வயதாகும்போது அவர் தொண்டையில் கட்டி வந்தது. பேசினால் குரல் போய்விடும் என்றார் டாக்டர். குரல் போனால் வேலை போய்விடும். ஆகவே இருக்கிற குரலை நிலையத்துக்கு வைத்துக்கொள்வது, வீட்டில் வாயை மூடிக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.

அதற்காக வீடு நின்றுவிடுமா? மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். இரண்டு தட்டு என்றால் சாப்பாடு தயார். மூன்று என்றால் தூங்கப் போகிறேன். உள்ளங்கையை விரித்து மேசையில் வைத்தால், 'போதும், இனிமேல் போடாதே' என்று அர்த்தம். இதில் அடங்காத விஷயம் செல்போனில் எழுத்தாக வரும். 'பால் வாங்கு.' 'மழை வரும், குடை.' பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் அப்பா போய்த் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். பெண்ணுக்கு ஒருமுறை கடும் ஜுரம் வந்து பிதற்றியபோது மட்டும், 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று காதோரம் ஒரு கிசுகிசுப்பு கேட்டது. ஜுரம் விட்ட பிறகு, அதுவும் பிதற்றலில் கேட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் வாயாடி. அம்மா வைத்தது. பேசக் கற்றுக்கொண்டு வாயைத் திறந்தவள் எட்டு வயதுவரை மூடவே இல்லை. பல் தேய்க்கும்போது நுரையோடு பேசுவாள். தூக்கத்திலும் யாரிடமோ கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பாள். 'இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்களேன், புண்ணியமாப் போகும்' என்று அம்மா அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒரு மழைக்காலத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தாள், திரும்பி வரவில்லை. அதையொட்டியே அப்பாவின் தொண்டையும் கட்டிக்கொண்டது. ஆள் போன வீட்டில் குரலும் போய்விட்டால் பிறகு என்ன மிஞ்சும், தட்டுகிற சத்தம்தான். வாயாடி என்று கூப்பிட இப்போது அவளுக்கு ஆளில்லை. நாமாவது கூப்பிடுவோம்.

வாயாடிக்குப் பதினேழு முடிந்தது. கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். வானிலைப் படிப்பு. மற்றவர்கள் பேச்சை ஆரம்பிக்க வானிலையைப் பிடித்துக்கொள்வார்கள், இவள் பேச்சை விட்டுவிட்டு வானிலையை மட்டும் பிடித்துக்கொண்டாள். கல்லூரி ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரத்தில் இருந்தது. அங்கிருந்து ஒரு திங்கட்கிழமை செல்போனுக்குச் செய்தி வந்தது.

'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. விருப்பமிருந்தால் எங்கள் ஆசிரியர் ஒருவரோடு திரை வழியாகப் பேசலாம். கட்டாயமில்லை. வராதவர்களுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. தேர்வு ஒன்றும் கிடையாது. சும்மா அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும்.'

கீழே இரண்டு பொத்தான்கள். 'வருகிறேன்.' 'இல்லை, நன்றி.'

வாயாடி அதை மூன்று முறை படித்தாள். தேர்வு என்று சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். கேள்வித்தாளைக் கண்டால் அவளுக்கு உற்சாகம்தான். சும்மா பேசிக்கொண்டிருப்போம் என்கிறார்களே, அதுதான் கொலை. சும்மா என்றால் எதைப் பற்றி? அவள் சொன்ன பிறகு அவர்கள் சொல்வார்களா, அவர்கள் சொன்ன பிறகு இவள் சொல்ல வேண்டுமா? அரை மணி நேரம் யாரோடாவது தொடர்ந்து பேசியதாக அவளுக்கு நினைவே இல்லை. அரை நிமிடத்துக்கே அவள் நாக்குக் கூசும்.

மறுநாள் வகுப்பு டீச்சரிடம் செல்போனை நீட்டினாள். டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"கட்டாயமில்லைன்னு போட்டிருந்தா கட்டாயம்னு அர்த்தம், தெரிஞ்சுக்கோ," என்றார். "உன் மார்க் சுமார்னு சொல்ல மாட்டேன், ஆனா அங்க விண்ணப்பம் போடற எல்லாரும் இந்த மார்க்கோடதான் வருவாங்க. உன் மார்க் உன்னைக் கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போகும். உள்ள போகணும்னா நீதான் வாயத் தொறக்கணும்."

"மோசமாப் பேசினா?"

"அப்ப கதவச் சாத்திடுவாங்க. அதுக்குப் பேசாமலே இருந்திருக்கலாமேன்னு தோணும்." டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்ப நல்லவர், ஆனால் மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது. "நல்லா யோசிச்சுக்கோ. யார்கூடவாவது பேசிப் பழகிப் பாரு. வீட்டுல அப்பா இருக்காரே... அட, அவருக்கு முடியாதில்ல. சரி, தோழிங்ககூடப் பேசிப் பாரு."

தோழிகள் என்று பன்மையில் சொல்ல அவளுக்கு வசதி இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரி ஒருத்திதான். அவள் பேசுவதற்கென்றே பிறந்தவள். வாயாடியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பதே, இவள் நடுவில் குறுக்கிட மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான். விஷயத்தைச் சொன்னதும் துள்ளிக் குதித்து ஒத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் காலி வகுப்பில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, தலைமுடியைக் கொண்டையாக முடிந்துகொண்டு பேராசிரியையாக மாறினாள்.

"வணக்கம். உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"வானிலை படிக்கணும்."

"சரி. ஏன்?"

"பிடிக்கும்."

"ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க?"

வாயாடி முழி முழி என்று முழித்தாள். கடைசியில், "பார்ப்பேன்," என்றாள்.

"எதை?"

"மேலே."

பக்கத்து பெஞ்சுக்காரி கொண்டையை அவிழ்த்துவிட்டாள். "தாயே, தப்பா நினைச்சுக்காத. உன்கூடப் பேசறது செவுத்துல பந்தடிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்ல வந்தேன். செவுராவது பந்தைத் திருப்பிக் கொடுக்கும்டி."

இருவரும் சிரித்தார்கள். வாயாடி சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து, "வணக்கம்," என்றாள். அதற்கு மேல் கண்ணாடியிடம் சொல்லவும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவள் பார்ப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என்ன என்று அர்த்தம். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது அவருக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டவரே அவர்தான். பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. செல்போனில் எழுதி அனுப்பியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு, எனக்குப் பேச வரவில்லை அப்பா என்று எப்படி எழுதி அனுப்புவது? அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். அவர் ஒரு தட்டு தட்டினார். அவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்த உலகத்தில் அவள் வாயிலிருந்து வார்த்தை வரும்வரை அலுக்காமல் காத்திருக்கக்கூடிய ஆள் இவர் ஒருத்தர்தான். ஒரே ஒரு அரை மணி நேரம், ஒரே ஒரு நாள், மெல்லிய குரலில் பேசினால் அந்தத் தொண்டை தாங்காதா? தாங்குமா தாங்காதா என்று அவரைக் கேட்டால் தாங்கும் என்றுதான் தலையாட்டுவார், பிள்ளைக்காக. பிறகு குரல் போய், வேலை போய்... வேண்டாம். டாக்டரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் நேரே தொண்டை டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். கூட்டம் இல்லை. வரவேற்பில் இருந்த அம்மாள் உள்ளே அனுப்பினாள். டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "எங்க வலிக்குது, வாயத் தொற," என்று டார்ச்சை எடுத்தார்.

"எனக்கு இல்ல. எங்கப்பாவுக்கு," என்றாள். கிளினிக் வாசலில் நின்று தயார் செய்துகொண்ட வாக்கியத்தை ஒப்பித்தாள். "பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளர். அவர் வீட்டுல அரை மணி நேரம் மெதுவாப் பேசினா தொண்டைக்கு ஏதாவது ஆயிடுமா?"

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "அவர் பொண்ணா நீ? அடடே! அந்தத் தொண்டை என் கைவேலை ஆச்சே. தினமும் வீட்டுக்குப் போறப்ப அந்தக் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறறேன். கண்ணாடி மாதிரி இருக்கு. என்ன ஆச்சு, திரும்ப வலிக்குதாமா?"

"இல்ல. வீட்டுல பேசலாமான்னு..."

"பேசலாமாவா? பேசட்டுமே. பாடட்டும், கத்தட்டும், யாரையாவது திட்டட்டும். அன்னிக்கு மூணு மாசம் வீட்டுல பேசாதீங்கன்னு சொன்னேன். மூணு மாசம் கழிச்சு வந்தார், பார்த்தேன், சுத்தமா ஆறிப் போச்சு, போய்த் தாராளமாப் பேசுங்கன்னு அனுப்பி வெச்சேன். அதெல்லாம் எந்தக் காலம்!"

டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார், வெந்நீர் என்றோ, புகை என்றோ. அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. வெளியே வந்தபோது வரவேற்பு அம்மாள், "என்னம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் மோசமா இல்லையே?" என்று கேட்டாள். "நல்லா இருக்காராம்," என்றாள் வாயாடி. இதைவிட மோசமான செய்தியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தெருவில் நடக்க நடக்கத்தான் கோபம் வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக வரவில்லை, காது மடல் வரைக்கும் சுட்டது. மூன்று மாதம்! எட்டு வயதில் எதையாவது சொல்ல ஓடி வந்து, பாதி வழியில் நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளே, அது எத்தனை நாள்? பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தால் சுவரில் காதை வைத்துக் கேட்டாளே? தான் பேசினால் அப்பாவுக்கும் பதில் சொல்லத் தோன்றும், அதனால் அவர் தொண்டை கெட்டுவிடுமே என்று, தானும் பேசுவதை விட்டுக் கையால் தட்ட ஆரம்பித்தவள் அவள்தான். யாரும் அவளைப் பேசாதே என்று சொல்லவில்லை. அவருக்குத் துணையாக அவளே மூடிக்கொண்டாள். அந்த மனிதரோ, வாயில் ஒரு கேடும் இல்லாமல், எதிரே உட்கார்ந்துகொண்டு ரொட்டி தின்றிருக்கிறார்.

பேருந்து நிலையத்து மாடிப்படியில் 'அனுமதி இல்லை' என்று பலகை தொங்கியது. அவள் ஏறிவிட்டாள்.

அறைக்குள் ஒரு மேசை, வளைந்த கழுத்தோடு ஒரு மைக், அதன் அருகே சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் ஊருக்குக் கேட்கும், அணைந்தால் கேட்காது. விளக்கு அணைந்திருந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். பள்ளிச் சீருடையில் மகளைக் கண்டதும் பதறி எழுந்து, நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று ஜாடையில் கேட்டார்.

"டாக்டரைப் பார்த்துட்டு வரேன்," என்றாள். "உங்க டாக்டரை."

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"மூணு மாசம்னு சொன்னாராம்."

மேசை மேலிருந்த டெலிபோன் அடித்தது. அப்பா எடுத்துக் கேட்டார், வைத்தார், பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "பயணிகளின் கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் வண்டி இரண்டாம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." டாக்டர் சொன்னது பொய்யில்லை, கண்ணாடி மாதிரிதான் இருந்தது. விளக்கு அணைந்தது.

"இந்த வாய்தானே அது?" என்றாள். "ஊருக்கெல்லாம் வேலை செய்யுது. என்கிட்ட மட்டும் ஏன்பா ரிப்பேர்?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி திறந்தார்.

"வாயாடி," என்றார்.

ஒலிபெருக்கிக் குரல் இல்லை அது. மெலிந்து போய், ஓரமெல்லாம் உதிர்ந்து, வேறு யாரோ ஒரு சின்ன மனிதரின் குரல் போல இருந்தது. சண்டை போட வந்தவள் அந்த ஒரு வார்த்தையில் ஆடிப்போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மூணு மாசம் முடிஞ்ச அன்னிக்குப் பேசணும்னுதான் வந்தேன்," என்றார். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வைத்தார். "வழியெல்லாம் என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். கதவைத் தொறந்தா நீ மேசைமேல ஏறி உட்கார்ந்திருந்த. நாலு தட்டுக்கு என்ன வெச்சுக்கலாம்னு கையால கேட்டுட்டுச் சிரிச்ச. அம்மா போனப்புறம் அன்னிக்குத்தான் முதல்ல சிரிச்ச. நான் வாயைத் தொறந்து அதைக் கெடுக்கணுமான்னு இருந்துச்சு."

"சரி, அடுத்த நாள்?"

"அடுத்த நாள் பயம் வந்துடுச்சு."

"என்ன பயம்?"

டெலிபோன் அடித்தது. விளக்கு எரிந்தது. "மலையடி செல்லும் வண்டி தாமதமாக வரும். பயணிகளின் சிரமத்திற்கு வருந்துகிறோம்." விளக்கு அணைந்தது.

"இங்க பேசறது ஒரு கஷ்டமும் இல்ல," என்றார், மைக்கைக் காட்டி. "வண்டி, நடைமேடை, வருந்துகிறோம். அதுல என்னோடதுன்னு ஒரு வார்த்தை கிடையாது. வீட்டுல வாயைத் தொறந்தா என்னோடதுதானே வரும்? அழுதுடுவேன்னு பயம். நான் அழுதா நீ யாரைப் பார்த்துட்டு நிப்ப? நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம்னு தள்ளிப் போட்டேன். உனக்குப் பழகிடுச்சு. எனக்கும் பழகிடுச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கறது, சொல்லு?"

"நான் ஸ்கூல்ல யார்கூடவும் பேச மாட்டேன், தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "பேசக்கூடாதுன்னு இல்ல. வர்றதில்ல. ஒரு கேள்வி கேட்டா ஒரே ஒரு வார்த்தைதான் வருது. உங்களுக்குத் தொந்தரவுன்னு வீட்டுல ரேடியோகூட வெச்சதில்ல நான். எனக்கும்தான் தொண்டை போச்சுப்பா. என்னை யாரும் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகல."

டெலிபோன் அடித்தது. அவர் பொத்தானை அழுத்தி, "மூன்றாம் நடைமேடையில்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கண்ணாடிக்கு அப்பால், கீழே, மூட்டை முடிச்சுகளோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அவர் எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னார். விளக்கு அணைந்ததும் கைக்குட்டையை எடுத்து முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டார். பயந்தது நடந்துவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

"எதுக்குடா டாக்டர்கிட்டப் போன இன்னிக்கு?" என்று கேட்டார்.

அவள் செல்போனை எடுத்துக் காட்டினாள். அவர் மெதுவாகப் படித்தார்.

"அஞ்சு மணிக்குள்ளன்னு போட்டிருக்கே."

"வேண்டாம்னு போட்டுடறேன். கட்டாயமில்லன்னுதானே சொல்றாங்க."

"ஏன் வானிலை?"

"என்னப்பா?"

"கையெழுத்துப் போடறப்பவே கேக்கணும்னு நினைச்சேன். எத்தனையோ படிப்பு இருக்கு. ஏன் வானிலை?"

அவள் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல், அடுத்த வார்த்தை எங்கிருந்து வரும் என்று தெரிந்தவர் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைன்னா வண்டி லேட்டு," என்றாள். "வண்டி லேட்டுன்னா நீங்க லேட்டு. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஜன்னல்கிட்ட நின்னு பார்ப்பேன். அந்தப் பக்கம் மலைமேல கறுப்பா அடுக்கடுக்கா மேகம் வந்துச்சுன்னா, அப்பா வர லேட்டாகும்மான்னு அம்மாகிட்ட சொல்லுவேன். அம்மா நம்ப மாட்டா. அப்புறம் பார்த்தா நீங்க நனைஞ்சுக்கிட்டு லேட்டாத்தான் வருவீங்க. அம்மா போனப்புறமும் பார்த்தேன். எந்த மேகம் சும்மா மிரட்டிட்டுப் போகும், எது கொட்டும்னு தெரிஞ்சா, எவ்வளவு நேரம் தனியா இருக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா பயம் இல்ல. அப்புறம் புத்தகத்துல படிச்சா, அதுக்கெல்லாம் பேர் இருக்கு, காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா என்னன்னு கணக்கு இருக்கு. போன வருஷம் ஒரு நாள் வெயில் கொளுத்துச்சு, நான் உங்களுக்குக் குடைன்னு மெசேஜ் போட்டேனே, நீங்க சிரிக்கிற பொம்மை அனுப்பினீங்களே, அன்னிக்கு சாயங்காலம்..."

நடுவில் இரண்டு வண்டிகள் வந்து போயின. விளக்கு எரியும்போது நிறுத்தினாள், அணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வறண்ட காற்று, ஈரக்காற்று, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போவது மழைக்கு அடையாளம்தானா என்கிற சந்தேகம், எல்லாம் கொட்டினாள். சட்டென்று தன் குரல் தன் காதிலேயே விழுந்து நிறுத்தினாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு வாங்கணும்," என்றார்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் அம்மா நினைவு வந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை, ஆனால் இந்த முறை சொல்லாமல் இருந்ததில் பாரம் இல்லை.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகப் போகிறது. படியேறி வந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இதையே அவங்ககிட்டயும் சொல்லு," என்றார்.

"உங்ககிட்ட வந்த மாதிரி அவங்ககிட்ட வராது."

"என்கிட்டயே இத்தனை வருஷம் வரல. இப்ப வந்துச்சே."

அவள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பேச வருமா வராதா என்ற பயம் போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது, அது இன்னும் கனமாக இருந்தது.

"அப்பா, நான் போயிட்டேன்னு வெச்சுக்கோங்க. இப்பதான் நீங்க பேசவே ஆரம்பிச்சிருக்கீங்க. அப்புறம் இந்தப் பேச்சை யார்கிட்டப் பேசுவீங்க?"

டெலிபோன் அடித்தது, அவருக்கு அது நல்லதாகப் போயிற்று. விமான நிலைய வண்டி, ஐந்தாம் நடைமேடை. நிறுத்தி நிதானமாகச் சொன்னார். விளக்கு அணைந்ததும் மைக்கை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"அழுத்தும்மா," என்றார். "நான் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தது போதும். துணைக்கு உன்னையும் உட்கார வெச்சேன் பாரு, அதுவும் போதும்."

உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தார். அவள் 'வருகிறேன்' என்பதை அழுத்தினாள்.

அன்றிலிருந்து வீட்டில் கலகலவென்று பேச்சு பொங்கி வழிந்தது என்று சொல்ல ஆசைதான். எங்கே! இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, முதல் முறையாகச் சந்தித்த சம்பந்திகள் மாதிரித் திணறினார்கள். "இன்னிக்கு வெயில்," என்பார் அப்பா. "ஆமா," என்பாள் அவள். "நாளைக்கும் இருக்குமோ?" "இருக்கும்." முடிந்தது. அவர் பழக்க தோஷத்தில் ஒரு தட்டு தட்டுவார். அவள் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுக்காமல் காத்திருப்பாள். அவர் முகம் சிவந்து, தொண்டையைச் செருமி, "தண்ணி," என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் படுகிற பாட்டைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும், கூடவே ஒரு கவலையும் வரும். அவள் போய்விட்டால் இவர் இதைத் தனியாக உட்கார்ந்து யாரிடம் கேட்பார்?

பேசும் நாளும் வந்தது. திரையில் தோன்றிய பேராசிரியைக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்க, வானிலை படிச்சவளுக்கே மழைக்காலத்துல இந்தக் கதி," என்றார். வாயாடி சிரித்துவிட்டாள். சில கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தைதான் வந்தது. ஒரு கேள்விக்கு அதுவும் வரவில்லை. ஆனால் ஏன் வானிலை என்று கேட்டபோது ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து ஆரம்பித்து எறும்புவரை சொன்னாள். பேராசிரியை கைக்குட்டையை மூக்கருகே பிடித்தபடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்று வெகு நேரமாகியிருந்தது.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் பேராசிரியை. "முடிக்கறதுக்கு முன்னாடி, எங்ககிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. எல்லாரும் கேப்பாங்க. பாடத்திட்டம், ஆய்வகம், எதுன்னாலும்."

வாயாடி கொஞ்சம் யோசித்தாள்.

"விடுதியில, வீட்டுக்குப் போன் பேச நேரக் கட்டுப்பாடு இருக்கா, மேடம்?"

"இருக்கும்னு நினைக்கிறேன். சாயங்காலம் பத்துப் பதினஞ்சு நிமிஷம் கொடுப்பாங்க. ஏன்?"

"அதைக் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா?" என்றாள். "எங்கப்பா இப்பதான் பேசக் கத்துக்கிட்டிருக்கார். அவருக்கு ஒரு வார்த்தை வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."